நன்றாகக் கேட்கும் நாற்காலி

அன்று ஆசிரியர் பாராட்டியது நாற்காலியை.

நடிப்புக் கல்லூரியின் ஒத்திகைக் கூடம் அது. வெளியே மதிய வெயில் கொளுத்தியது. உள்ளே கறுப்புத் திரைகள் ஒரு கீற்றைக்கூட விடாமல், பழைய முகப்பூச்சும் வியர்வையும் ஈரத்துணியும் கலந்த வாடையை மட்டும் பொத்தி வைத்திருந்தன. நடுவில் ஒரு மர நாற்காலி.

"நாற்காலி காலியாத்தான் இருக்கு. உன் அக்கா அதுல உக்காந்திருக்கறதா நெனச்சுப் பேசு" என்றிருந்தார் ஆசிரியர். வீட்டை விட்டுப் போகும் அக்காவைத் தங்கை தடுக்கும் காட்சி. தங்கையாக நடித்த மாணவி தொண்டை வறளக் கெஞ்சி முடித்தாள்.

"அக்கா எவ்வளவு அழகா கேக்கறா, பாரு. நீதான் ஒப்பிக்கற."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடமாகக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றே கால் தேய்ந்துவிட்டது. இந்தத் தங்கை வேஷமும் கைநழுவினால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். இந்த லட்சணத்தில் மரச்சாமானோடு போட்டி வேறு!

சுற்றி நின்ற மாணவர்களில் யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"கடைசியில அவ கண்ணு கலங்கிடுச்சுடி" என்றாள் அறைத்தோழி, மெதுவாக.

"யாரு கண்ணு?"

"விளையாடாத."

நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ எழுந்திருக்கப் பார்ப்பதுபோல், மறுபடியும் கிறீச்சிட்டது.

"இன்னொரு தரம் பண்றேன் சார்."

"வேண்டாம். ரெண்டு பேரும் இடம் மாறுங்க."

ரெண்டு பேரா? கேட்டால் வாய்க்கொழுப்பு என்பார். வேஷம் முக்கியம். பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பலகை வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் ஒருவர் எழுந்து போனதுபோல்.

எதிரே குரல் கேட்டது. அவளுடைய குரல்.

"போகாதக்கா. நீ போயிட்டா இந்த வீட்டுல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட யாரு இருக்கா?"

அங்கே நின்றவள் அவளுடைய சட்டையைப் போட்டிருந்தாள். கழுத்தில் அவளுடைய மச்சம். பயத்தையும் மீறி அவளுக்குக் கண் கலங்கியது.

ஆசிரியர் கைதட்டினார். "இதுக்குத்தானே இத்தனை நாளா உயிர வாங்கினேன்! வேஷம் உனக்குத்தான்."

அறைத்தோழி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நின்றவளை. "மொதல்ல அப்பாவுக்குப் போன் பண்ணுடி!"

போனில் அப்பாவின் குரல் கசிந்தது. அழுதுகொண்டே, "என் தங்கமே" என்றார்.

எழ வேண்டும். முடியவில்லை. கத்தினாள். யாரும் திரும்பவில்லை. விளக்கு அணைந்தது. கதவு. பூட்டு. வாடை.

மீண்டும் விளக்கு எரிந்தபோது எதிரே ஒரு புதிய மாணவி நின்றிருந்தாள். கையில் வசனத்தாள்.

"நாற்காலி காலியாத்தான் இருக்கு" என்றார் ஆசிரியர்.

நாற்காலியில் இருந்தவள் எழுந்துவிடப் பலமெல்லாம் திரட்டி முண்டினாள். நாற்காலி மட்டும் கிறீச்சிட்டது. மாணவி பேச்சை நிறுத்திவிட்டு, எரிச்சலோடு கிட்டே வந்து, பலகையில் கை வைத்தாள். கை, உட்கார்ந்திருந்தவளின் மடிக்குள் புகுந்து நின்றது.

உட்காரும்மா. ஒரு நிமிஷம். உட்காரேன்.

அந்தக் கெஞ்சலில் ஒரு சொல்கூட ஒப்பித்ததாக இல்லை.