வெறுங்காலோடு வாசித்தவன்

மாலை மணி நான்கரை. செண்பகனூர் மலைச்சரிவின் கடைசித் தகரக் கூரை வீடு. அதன் பின்னறையில் சிலுவைராஜ் இறந்து கிடந்தான். பேஸ் கிட்டார் அவன் மார்பின்மேல் சாய்ந்திருந்தது. தடித்த தந்திகளைப் பற்றிய இடக்கை விரல்கள் கருகி, பற்றியபடியே விறைத்திருந்தன.

முதலில் கண்டவள் தங்கை சகாயராணி. பள்ளி விடுதியில் துணி வெளுக்கும் வேலை முடித்து வந்தவள், அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தந்தியிலிருந்து பிரித்தாள். நான்கு மணிக்கே மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்ததால் உயிர் பிழைத்தாள். பிழைத்தது நன்மைதானா என்று அவளே ஐயுறும் நிலை அடுத்த அரைமணியில் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு, அக்டோபர். மின்வெட்டுக் காலம். சரிவு வீடுகளுக்கு மதியம் இரண்டு மணிக்கு வந்த மின்சாரம் நான்கு மணிக்குப் போய்விடும். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் சிலுவைராஜ் வாசித்துப் பதிவு செய்வான்.

லைன்மேன் வந்து பார்த்தான். அலமாரிக்குள் இருந்த பழைய வால்வு ரேடியோவைக் காட்டிக் காரணம் சொன்னான். அந்த ரேடியோவின் இரும்புத் தட்டு நேராக மின்கம்பியோடு இணைந்தது. இரண்டு முள் பிளக்கைச் சரியாகச் செருகினால் தட்டு ஊமை. திருப்பிச் செருகினால் தட்டில் மின்சாரம் நிற்கும். அதனோடு ஒயரால் இணைத்த கிட்டார்த் தந்தியிலும் நிற்கும். எது சரியான பக்கம் என்று தெரிவதற்காகப் பிளக்கிலும் சுவர்ப் பலகையிலும் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்திருந்தான் சிலுவைராஜ். இப்போது பலகையின் பொட்டு மேலே இருந்தது. பிளக்கின் பொட்டு கீழே இருந்தது.

"காலையில தொடைக்கும்போது நாந்தான் பிளக்கப் பிடுங்கினேன்" என்றாள் சகாயராணி. "நாந்தான் திரும்பச் சொருகினேன்."

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார் பரமானந்தம். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆலயப் பாடற்குழுத் தலைவர், கழுத்தில் மஃப்ளர், காலில் பளபளக்கும் தோல் பூட்ஸ். அவள் தலைமேல் கை வைக்காமல், வைப்பதுபோல் காற்றில் நிறுத்தி, ஊர் கேட்கச் சொன்னார்.

"அழாத புள்ள. உங் கை தெரியாமச் செஞ்ச பாவம். கர்த்தர் மன்னிப்பாரு. நாங்களும் மன்னிச்சிட்டோம்."

கத்தியால் குத்துகிறவனுக்குக் குருதிக் கறையை மறைக்கும் கவலை உண்டு. மன்னிப்பால் குத்துகிறவனுக்கு அந்தக் கவலையும் இல்லை. கூட்டம் அவளை விட்டு ஓரடி விலகியது. அண்ணனைக் கொன்றவள் என்ற பட்டம், பிணம் குளிர்வதற்கு முன்னே அவளுக்குச் சூட்டப்பட்டது.

ஐந்தேகால் மணிக்குச் சப்-இன்ஸ்பெக்டர் விசாலாட்சி ஜீப்பில் வந்து இறங்கினார். திண்டுக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்தவர். பேசுகிறவர் முகத்தைப் பார்ப்பதைவிட, பேசாத பொருள்களைப் பார்ப்பதில் விருப்பம் உடையவர். வாசலிலேயே சிறிது நேரம் நின்றார்.

பின்னறைக் கதவுக்கு வெளியே, சுவரோரமாக, ஒரு ஜோடி ரப்பர்ச் செருப்பு ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு நாற்காலி. அதன்மேல் கம்பளி மடித்து விரிக்கப்பட்டிருந்தது. நாற்காலிக்கு எதிரே வியர்த்த சிமென்டுத் தரையில் ஒரு சாக்கு. சாக்கின்மேல் பிணம். அதன் பாதங்கள் மட்டும் சாக்கைத் தாண்டி ஈரத் தரையில் கிடந்தன. அருகே பேட்டரியில் ஓடும் கேசட் ரெக்கார்டர், பதிவுப் பொத்தான் அழுந்தியபடி, நாடா முடிந்து நின்றிருந்தது.

"பொன்னுவேலு, பிளக்கக் கைக்குட்டையால பிடிச்சு எடுங்க. வெறுங்கை படக்கூடாது" என்று ஏட்டிடம் சொல்லிவிட்டு, சகாயராணியை அடுப்படிக்கு அழைத்துச் சென்றார்.

"எப்படிப் பதிவு பண்ணுவான் ஒங்க அண்ணன்?"

முதலில் மைக் வைத்துப் பார்த்தான் என்றாள் அவள். சுவரெல்லாம் கம்பளி கட்டினான். ஆனாலும் தகரத்தில் மழை விழும் சத்தம் பாட்டைத் தின்றுவிட்டது. நல்ல மைக் வாங்க வழியில்லை. அதனால் மைக்கையே விட்டொழித்து, கிட்டாரிலிருந்து ரேடியோவுக்கும் ரேடியோவிலிருந்து ரெக்கார்டருக்கும் ஒயரையே இழுத்தான். அதன் பிறகு மழை கேட்கவில்லை. ஆனால் வண்டு குடைவதுபோல ஓர் உறுமல் வந்தது. பிளக்கைத் திருப்பிப் போட்ட அன்றுதான் உறுமல் அடங்கியது. அன்று குதித்தானாம்.

"புதுத் தந்தி வாங்க முடியாதுன்னு பழசையே ரசச்சட்டில போட்டு வேகவைப்பான்மா. அப்பத்தான் கணீர்னு கேக்குமாம். நான் ஏசுவேன், ஏலே, இன்னைக்கு ரசமா, ராகமான்னு." சிரிக்கத் தொடங்கிய வாய் பாதியிலேயே கோணிக்கொண்டது.

"இந்த ஷாக் விஷயம் அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. ஒருக்கா சுரீர்னு இழுத்திருக்கு. அதுலேர்ந்து ரப்பர்ச் செருப்பு மாட்டாம செட்டத் தொட மாட்டான். நாற்காலில உக்காந்து, காலத் தரையில வைக்கக்கூட யோசிப்பான். அந்தப் பிளக்கு ஒடஞ்சு கெடந்துச்சுன்னு நேத்து சாயங்காலந்தான் அப்துல் சலாம் பாய் கடையில புதுசு வாங்கியாந்தான். வந்ததும் என் நெயில் பாலிஷப் பிடுங்கிப் பொட்டு வச்சான். நாந்தாம்மா பாக்காமச் சொருகிட்டேன்."

விசாலாட்சி அந்தச் சொல்லுக்கு ஆறுதல் கூறவில்லை. அவன் வாசித்தது யாருடைய பாட்டு என்று கேட்டார்.

அவன் கட்டிய பாட்டுகள்தாம் அவை என்றாள் சகாயராணி. கிறிஸ்துமசுக்குக் கேசட் போட மதுரையிலிருந்து கம்பெனிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். கேசட் அட்டையில் 'இசை: பரமானந்தம்' என்றுதான் அச்சாகப் போகிறது. போன வாரம் சிலுவைராஜ் ஆலய வாசலில் நின்று கேட்டிருக்கிறான். காசு கேட்கவில்லை. 'எம் பேரையும் போடணும் சார். இல்லேன்னா கம்பெனிக்காரர்ட்ட நானே வாசிச்சுக் காட்டிருவேன்' என்று மட்டும் சொல்லியிருக்கிறான். வாத்தியார் சிரித்துக்கொண்டே, பார்ப்போம் என்றாராம்.

மாலை ஆறு மணி. பரமானந்தத்தை நாற்காலியில் அமரச் சொன்னார் விசாலாட்சி. அவர் கம்பளியை ஒருமுறை தட்டிவிட்டு அமர்ந்தார்.

"இந்த வீட்டுக்கு எப்பக் கடைசியா வந்தீங்க?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

"இன்னைக்கு மதியம்?"

"எங்க வீட்டுல. தூங்கிட்டிருந்தேன். பொண்டாட்டி இல்லாத மனுசன், சாட்சிக்கு எங்க போவேன்?"

"அவன் எப்படிப்பட்டவன்?"

"கை நல்ல கை. தலைதான் கொஞ்சம் கனத்துப்போச்சு." குரலைத் தாழ்த்தினார். "வெரசா அடக்கத்த முடிச்சிரலாம் இன்ஸ்பெக்டரம்மா. அந்தப் பிள்ளைமேல கேஸ் எதுவும் வேண்டாம். அந்தக் கேசட்ட மட்டும் என்கிட்டக் குடுத்தீங்கன்னா, அவன் ஞாபகமா வச்சுக்குவேன்."

விசாலாட்சி கேசட்டைக் கொடுக்கவில்லை. பின்னோக்கிச் சுற்றி ஓடவிட்டார். வாசலில் நின்ற கூட்டமும் கேட்டது.

முதலில் ஒரு பாட்டு. தொடக்கம் முதல் முடிவு வரை முழுதாக வந்தது. தந்தி பேசியது, தந்தியைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. மழை இல்லை, மூச்சு இல்லை, உறுமல் இல்லை. பளிங்குபோன்ற பதிவு. அரண்மனைக் கூடங்களில் கருவிகளைக் குவித்து வைத்திருப்பவரும் நாணும் பதிவு. அது முடிந்து சிறிது நேரம் மௌனம். பிறகு திடீரென்று, வண்டு குடையும் உறுமல். அதன்மேல் இரண்டே இரண்டு சுரம். அப்புறம் உறுமல் மட்டும், நாடா தீரும் வரை.

அவன் அலறியிருப்பான். நாடாவுக்கு அது கேட்கவில்லை. கம்பி வழிப் பதிவுக்குத் தந்தியின் குரல் மட்டுமே கேட்கும். மனிதனின் குரல் கேட்காது. இந்தச் சமுதாயமும் அவனை அப்படித்தான் பதிவு செய்து வைத்திருந்தது.

விசாலாட்சி பொத்தானை அழுத்தி நிறுத்தினார்.

"சகாயராணி, பிளக்குத் திரும்பியிருந்தா உறுமும்னு சொன்னியே. முதல் பாட்டுல உறுமல் கேட்டியா?"

"இல்லம்மா."

"அப்ப முதல் பாட்டு வாசிக்கும்போது பிளக்குச் சரியா இருந்திருக்கு. காலையில நீ சரியாத்தான் சொருகியிருக்க. பாட்டு முடிஞ்சதுக்கும் அடுத்தது தொடங்குனதுக்கும் நடுவுல யாரோ திருப்பியிருக்காங்க."

அவள் தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நான் இல்லையாம்மா?"

"நீ இல்ல."

கூட்டம் மூச்சுவிட்டது. பரமானந்தம் தொண்டையைச் செருமினார். "அவனே மாத்திப் போட்டிருக்கலாமே. வாலிபப் பய, அவசரம்."

"உறுமாம வந்த பாட்ட உறும வைக்க எவனும் மாத்த மாட்டான் சார். அதுவும் நாற்காலி இருக்கும்போது தரையில உக்காந்து? செருப்பக் கழட்டி வெளிய வச்சிட்டு?"

பரமானந்தம் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சூழ்ச்சி இல்லை, நடிப்பு இல்லை. உண்மையான வியப்பே இருந்தது.

"செருப்பு வெளிய கெடந்தா என்னம்மா அதிசயம்? அவங்க செருப்பு வெளியதான கெடக்கும்?"

"உங்க வீட்டுல வெளிய கெடக்கும்" என்றார் விசாலாட்சி. "இது அவன் வீடு."

பரமானந்தத்தின் சிரிப்பு முகத்திலேயே தங்கிப் பழையதாயிற்று.

விசாலாட்சி சகாயராணியின் பக்கம் திரும்பினார். "பங்குச் சாமியார் வந்தா ஒங்க அண்ணன் செருப்பக் கழட்டுவானா?"

"இல்லம்மா. குளுருதுடா, போட்டுக்கன்னு சாமியாரே ஏசுவாரு."

"பின்ன, சொந்த வீட்டுலேயே யாரு முன்னால கழட்டுவான்? யாருக்கு நாற்காலியக் குடுத்துட்டுச் சாக்குல உக்காருவான்?"

அவள் கையை நீட்டினாள். நாற்காலியில், மடித்த கம்பளியின்மேல், பூட்ஸ் காலைக் கால்மேல் போட்டு அமர்ந்திருந்தவரை அந்தக் கை காட்டியது.

கொலைக்கு அவர் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்திருந்தார். இரண்டு மணிக்கு மின்சாரம் வரும். தங்கை வேலைக்குப் போயிருப்பாள். காலையில் அவளே பிளக்கைத் தொட்டவள் என்பது வாசிப்பவன் வாயாலேயே தெரிந்தது. கேசட்டுக்குக் குறைவாக இருந்த கடைசிப் பாட்டை முழுதாக வாசிக்க விட்டு, நன்று என்று பாராட்டி, இன்னொரு தடவை வாசி என்று சொல்லி, அவன் தந்தியை விட்டுக் கைகளைத் துடைத்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்கித் திருப்பினார். எல்லாம் சரி. ஆனால் பிணத்தின் காலில் அவர் கண் படவில்லை. அறுபது ஆண்டுகளாக அந்தச் சாதியாரின் பாதங்கள் அவர் முன்னே வெறும் பாதங்களாகவே நின்றன. உலகத்தின் இயல்பு அதுவே என்று நம்பியவருக்கு, வாசலில் கிடந்த செருப்பு ஒரு தடயமாகத் தோன்றவில்லை. வானம் மேலே இருப்பதை யார் தடயம் என்பார்? அவன் குனிந்து பழகிய பணிவே அவனைக் கொன்ற ஆயுதம். இவர் நிமிர்ந்து பழகிய ஆணவமே இவரைக் காட்டிக் கொடுத்த சாட்சி.

"இதெல்லாம் யூகம்" என்றார் பரமானந்தம். "கோர்ட்டுல செருப்பு வந்து பேசாது."

"பேசாது சார். பிளக்கு பேசும். கைரேகைக்கு அனுப்புறேன். உங்க ரேகை அதுல இருக்குமா?"

அவர் ஆசிரியர். வினாவின் பள்ளம் தெரிந்தது. தாண்டும் வழியும் தெரிந்தது. "இருக்கும். ஏன் இருக்காது? போன மாசம் எத்தனையோ தடவை நானே சொருகியிருக்கேன். அந்தப் பிளக்குல எங் கை படாத நாளே இல்ல."

"பொன்னுவேலு, எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டேம்மா."

"அந்தப் பிளக்கு நேத்து சாயங்காலம் அப்துல் சலாம் பாய் கடையிலேருந்து வந்தது சார். நீங்க வந்து ரெண்டு வாரம் ஆச்சுன்னு சொன்னீங்க."

பரமானந்தம் எழ முயன்றார். எழவில்லை. இனி அந்தப் பெயருக்கு 'ஆர்' விகுதி இல்லை. அது இறந்தவன் பக்கம் இடம் மாறிவிட்டது.

"எம் பாட்டுக்குத் தம் பேரப் போடணும்னான்மா, ஒரு சமையக்காரன் மகன்" என்றான் பரமானந்தம், நியாயம் கேட்பவன்போல, கூட்டத்தைப் பார்த்து. "கோயில் பாட்டுக் கேசட்டுல, எம் பேருக்குப் பக்கத்துல."

கூட்டத்தில் ஒரு கிழவர் மெல்லத் தலையாட்டினார். ஆம் என்று ஆட்டினாரா, ஐயோ என்று ஆட்டினாரா என்பதை விசாலாட்சி பார்த்தார். ஒரு குற்றவாளியைக் கொண்டுபோகத்தான் ஜீப்பில் இடம் இருந்தது.

மாலை ஏழு மணி. காவல் நிலையம். சிறையறைக் கதவைத் திறந்து பிடித்தபடி பொன்னுவேல் நின்றார். உள்ளே சிமென்டுத் தரை மூடுபனியில் வியர்த்திருந்தது. பரமானந்தம் வாசற்படியில் தயங்கினான். உட்கார நாற்காலி உண்டா என்று கேட்டான்.

"இல்ல. பூட்ஸக் கழட்டுங்க."

"குளுருது."

"ரூல்ஸ் சார். உள்ள போறவங்க செருப்பு வெளியதான் கெடக்கும்."

பிரேதப் பரிசோதனை முடிந்து, மறுநாள் மாலை, ஆலயக் கல்லறையின் குறுக்குச் சுவருக்கு அப்பால், ஒதுக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில், சிலுவைராஜ் அடக்கம் செய்யப்பட்டார். பெட்டியை மூடுமுன் சகாயராணி குனிந்து, அண்ணன் கால்களில் அந்த ரப்பர்ச் செருப்புகளை மாட்டிவிட்டாள். கழற்றச் சொல்ல அங்கே எவனும் வாய் திறக்கவில்லை.