முக்கோணத்துக்கு நடு எங்கே?

கற்பிட்டிக் கணினி வகுப்பில் அன்று பின்னேரம் அனஸ்தாசியா அழுதுவிடுவாள் போலிருந்தது. எல்லாம் ஒரு முக்கோணத்தால் வந்த வினை.

கட்டளைகள் எழுதிக் கணினியில் வடிவங்கள் வரைய வேண்டும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். மறுநாள் பெற்றோர் வரும்போது ஒருவருடைய வேலையைத்தான் பெரிய திரையில் காட்டுவார்கள். டீச்சர் சீட்டுக் குலுக்கினார். முதலில் அனஸ்தாசியாவின் பெயர் வந்தது, அடுத்ததாக மர்ளியாவின் பெயர்.

வட்டமும் சதுரமும் அனஸ்தாசியாவுக்கு அழகாக வந்தன. முக்கோணத்தில் மட்டும் புள்ளி மேலே ஏறி நின்றது.

"இது நடு இல்லையே மகள். வகுப்பு முடியிறதுக்குள்ள சரி செய்யுங்க. இல்லாட்டி மர்ளியாட படத்தைப் போடுவம்" என்றார் டீச்சர்.

மர்ளியாவின் நெஞ்சு துள்ளியது. பொய் சொல்லுவானேன், சந்தோசம்தான்! அவளுடைய முக்கோணம் எப்போதோ சரியாகிவிட்டது.

"அப்பா நாளைக்குக் கடலுக்குப் போகாம நிக்கிறார்டி, என்ட படத்தைப் பார்க்க" என்று அனஸ்தாசியா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள்.

சந்தோசம் போன இடம் தெரியவில்லை. மர்ளியா கதிரையை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"புள்ளியை எப்படி வைச்சாய்?"

"உயரத்தில பாதி."

"ஏன்டி பாதி?"

"கரையில மீன் பிரிச்சா வள்ளத்துக்குப் பாதி, ஆக்களுக்குப் பாதி. எங்கட வீட்டில எதைப் பிரிச்சாலும் பாதிதான்!"

"அடி பைத்தியம்!" மர்ளியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டிக் கொடுத்தாள். "பென்சில் முனையில நிப்பாட்டு. எங்க நிக்குதோ அதுதான் நடு."

பாதி உயரத்தில் வைத்தால் அட்டை பொத்தென்று விழுந்தது. அனஸ்தாசியா பென்சில் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்த்தினாள். அட, நின்றுவிட்டதே!

"ஏன்டி இவ்வளவு கீழ நிக்குது?"

விடை மர்ளியாவின் நாக்கு நுனியில் இருந்தது. அவள் அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"மேல எத்தனை மூலை? கீழ எத்தனை?"

"மேல ஒண்டு, கீழ ரெண்டு." அனஸ்தாசியாவின் கண்கள் விரிந்தன. "கீழதான் ஆக்கள் கூட! மூணு பேர் எண்டா மூணாத்தானே பிரிக்கணும்!"

"ஓம்!"

மூன்று மூலைகளின் உயரத்தையும் கூட்டி மூன்றால் வகுத்தாள். அகலத்துக்கும் அப்படியே செய்தாள். விசையை அழுத்தியதும் சிவப்புப் புள்ளி நடுவில் வந்து சமர்த்தாக உட்கார்ந்தது. அனஸ்தாசியா போட்ட கூச்சலில் டீச்சரே ஓடி வந்தார்.

மறுநாள் பெரிய திரையில் முக்கோணம் வந்தது. கீழே அனஸ்தாசியாவின் பெயர். மர்ளியாவுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

அதற்குள் யாரோ பலமாகக் கைதட்டினார்கள். யாரென்று அனஸ்தாசியாவின் அப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தட்டுவது தன் கைகள்தான் என்பது அப்போதுதான் மர்ளியாவுக்கே தெரிந்தது.