குமுதினியின் பேழை

புதிய சபாநாயகரை முதல்வரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஆளுக்கொரு பக்கமாக நாற்காலிவரை அழைத்துப்போவது பழைய வழக்கம். இப்போது வழியில் ஒரு சின்ன அறையிலும் நிறுத்துகிறார்கள். அங்கேதான் சார்பகற்றி என்ற இயந்திரம் இருக்கிறது. அது நினைவு எதையும் தொடாது. நினைவில் ஒட்டியிருக்கும் பாசத்தையும் பகையையும் மட்டும் உரித்தெடுத்து ஒரு பேழையில் பூட்டிவைக்கும். பதவி முடிந்ததும் உரியவருக்கே திருப்பி ஏற்றிவிடுவார்கள். ஒரு சபாநாயகர் சொந்தக்காரர்களுக்காக ஒரு மசோதாவையே கவிழ்த்த பிறகு இந்தச் சட்டம் வந்தது. கொண்டுவந்தவள், அப்போது முதல்முறை உறுப்பினராக இருந்த குமுதினி.

இன்று அதே அறை வாசலில் அவளே புதிய சபாநாயகராக நின்று தயங்கினாள்.

"பயமா இருக்குங்க. போகத்தான் வேணுமா?"

"நியாயம் நம்ம பக்கம் இருக்கு. பாசம் இருந்தா என்ன, போனா என்ன? தைரியமா போ," என்றார் கணவர் மாசிலாமணி.

அவர்களின் சொந்த ஊரான ஆலடிப்பாறையை மூழ்கடித்து நீர்த்தேக்கம் கட்டும் மசோதா மறுவாரம் வரவிருந்தது. அவையில் இரு தரப்புக்கும் சம பலம். வாக்கு சமமானால் சபாநாயகர் போடுவதுதான் முடிவு. அதற்காகவே ஊர்க்காரர்கள் அவளைத் தேடிவந்த அமைச்சர் பதவியை வேண்டாமென்று சொல்லவைத்து, இந்த நாற்காலிக்குத் தள்ளினார்கள். முன்னால் நின்று தள்ளியவர் மாசிலாமணிதான். பாம்பு கடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சாலையில்லாமல் செத்துப்போன மகள் தேனருவியை அந்த ஊர் மேட்டில்தான் புதைத்திருந்தார்கள். அந்தச் சாலைக்காகத்தான் குமுதினி அரசியலுக்கே வந்தாள். ஒவ்வொரு தேர்தலிலும் வேட்புமனு கொடுக்குமுன் அங்கே போய் அழுதுவிட்டு வருவாள்.

வாக்கெடுப்பு நாளில் மாசிலாமணி பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர்பார்த்தபடியே வாக்குகள் சமமாயின.

"ஆலடிப்பாறையில் இருப்பவை இருநூறு குடும்பங்கள். குடிநீருக்குத் தவிப்பவை நான்கு மாவட்டங்கள். மசோதாவை ஆதரிக்கிறேன்," என்றாள் குமுதினி.

"தேனு அங்கதான இருக்கா, குமுதினி!" என்று மாடத்திலிருந்து அவர் அலறினார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நினைவிருக்கிறது. இடுகாட்டை மாற்றக் கோரித் திருத்தம் எதுவும் வரவில்லை. மாடத்தில் அமைதி வேண்டும்."

அவள் சொன்ன நியாயத்தில் ஒரு குற்றமும் காண முடியாததுதான் அவர் நெஞ்சை அறுத்தது.

அணையில் தண்ணீர் ஏறுமுன் அந்த மேட்டிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து வீட்டில் வைத்தார்.

"இது எதுக்குங்க?"

"தேனு இருந்த மண்ணு."

"சரி. சாப்பிடுற மேசையில வேண்டாம்," என்றாள் அவள், மிக மரியாதையாக.

அன்றே அவர் சட்டமன்றத்துக்குப் போய், அந்த அறையின் பொறியாளரைப் பார்த்தார். அலமாரியில் குமுதினியின் பெயர் எழுதிய பேழை இருந்தது.

"கவலப்படாதீங்க சார். பதவிக்காலம் முடிஞ்சதும் அம்மாவுக்கு எல்லாம் திரும்ப வந்துடும்."

மாசிலாமணி அந்த நாளை நினைத்துப் பார்த்தார். எல்லாம் வந்துவிட்டால், மகளைத் தன் வாயாலேயே தண்ணீருக்குள் அனுப்பியது அவளுக்கு உறைத்துவிடும். இப்போது வெறுமனே தெரிகிறது, அப்போது வலிக்கும். அந்த வலியோடு அவள் ஒரு நாள்கூட உயிரோடு இருக்க மாட்டாள்.

"வேண்டாம் சார். அதத் திருப்பி ஏத்தாதீங்க."

"உங்க மேல இருக்கிற பாசமும் இதுக்குள்ளதான் சார் இருக்கு."

"தெரியும்." அவர் பேழையைத் தொட்டுப் பார்த்தார். "அதுவும் உள்ளேயே கெடக்கட்டும்."

பொறியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திருப்பிக் கொடுத்தே ஆகணும் சார். அம்மா கொண்டுவந்த சட்டம் அப்படி."