சோடியம் வெளிச்சத்தில் சிவப்பு

சோடியம் விளக்கின் மஞ்சளில் சிவப்பு தெரியாது. ஆறு வருஷமாகக் கல்லூரி ஆய்வகத்து இருட்டறையில் வேலை பார்க்கும் சங்கரிக்கு இது நன்றாகத் தெரியும். பொட்டு கறுத்துவிடும், பச்சை ரவிக்கை சாம்பலாகிவிடும், சொந்தக் கையே யாருடைய கையோ மாதிரி வெளிறிக் கிடக்கும். அதனால் பத்து சதவீதச் சர்க்கரைக் கரைசலைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் போலாரிமீட்டரில் கண்ணை வைத்தபோது, மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில் செம்பருத்தி இதழ் அளவுக்குச் சிவப்பாக ஏதோ தெரிந்ததும், தன் கண்ணைத்தான் முதலில் குற்றம் சொன்னாள்.

தொண்ணூற்றெட்டு டிசம்பர், ஒரு சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. கல்லூரி பஸ் எப்போதோ போய்விட்டது. திருப்போரூரைத் தாண்டிப் பொட்டலில் நிற்கும் அந்தக் கல்லூரியில் இப்போது அவளும் வாட்ச்மேன் சாலமோனும்தான்.

"நாலு மணிக்கு இந்த கேட்டப் பூட்டிகினு போய்டுவேம்மா. செங்கல்பட்டுல அக்கா பொண்ணுக்கு நிச்சயம் கீது. அப்பால திங்கக்கெழமதான் வருவேன். பூட்டச்சொல்ல ஒரு தபா கூவுறேன்," என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. ஐந்து, பத்து, பதினைந்து, இருபது சதவீதம் என நாலு கரைசல் தயாரித்து, ஒவ்வொன்றும் ஒளியை எத்தனை டிகிரி திருப்புகிறது என்று குறித்து வைத்தால், இந்தத் தடவை அவளை நிரந்தரம் செய்ய எழுதுவதாகத் துறைத்தலைவர் பாலசுப்ரமணியன் சொல்லியிருந்தார். போன வருஷமும் சொன்னார். பிழைக்கத் தெரிந்த மனிதர். ஆனாலும் நம்பித்தான் ஆகவேண்டும். அம்மா போனபிறகு அவளுக்கு மிச்சம் ஒரு வாடகை அறையும் இந்த வேலையும்தான். நாலு நாள் காணாமல் போனால் ஏன் என்று கேட்க நாதியில்லை.

குழாயைக் கழுவி வெறும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். சுத்தமான மஞ்சள். மறுபடி கரைசலை ஊற்றினாள். ஐந்து சதவீதத்தில் இல்லாத சிவப்பு இதில் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் இது இருண்டதில்லையே.

அளவைக் குறித்துக்கொண்டு வெளியே வந்து பதினைந்து கிராம் சர்க்கரை நிறுத்தாள். பீக்கரில் கண்ணாடிக் குச்சி கிணுகிணுக்க, குழாயடியில் தண்ணீர் சொட்ட, கிழக்கேயிருந்து வந்த உப்புக்காற்று ஜன்னலை அசைத்து அசைத்து விட, அந்த நீளமான கூடத்தில் தன் மூச்சே தனக்கு அந்நியமாகக் கேட்டது. அவசரமாக ஊற்றியதில் கரைசல் விரல்களில் வழிந்தது. பிசுபிசுத்த கையோடு, வழியெல்லாம் சிந்திக்கொண்டே, கறுப்புத் திரையை விலக்கி உள்ளே போனாள்.

பதினைந்தில் அது பாதி வட்டத்தை அடைத்திருந்தது. ஈரமாக. சொரசொரப்பாக. கழனித் தொட்டியில் மாடு துழாவுவது போல மேலும் கீழும் போய்வந்தது.

நாக்கு.

தலையைத் தூக்கிக் கருவியின் மறுமுனையைப் பார்த்தாள். விளக்கு மட்டும்தான்.

ஓடியிருக்கலாம். ஆனால் இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

இருபது. ஊற்றினாள். சாமியை நினைத்துக் கண்ணை வைத்தாள்.

ஒன்றுமில்லை. வட்டம் முழுக்க மஞ்சள். இருபத்தாறு புள்ளி ஆறு. எழுதினாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது.

நிமிர்ந்தாள்.

சுவர் மஞ்சள். மேசை மஞ்சள்.

மேசைமேல் சிவப்பு.

விளக்குக்குப் பின்னாலிருந்த இருட்டிலிருந்து நீண்டு கிடந்தது. சிந்திய சொட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தது. நகர்ந்தது. வந்தது. அவள் விரலைத் தொட்டது.

வெதுவெதுப்பு.

"சங்கரிம்மா! உள்ள கீறீங்களா? பூட்டிடட்டா?"

வாயைத் திறந்தாள். அந்தக் கையை ஒருவர் தொட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாதான் கடைசி. குரல் வரவில்லையா, வேண்டாமென்று இவளே விழுங்கிவிட்டாளா, தெரியவில்லை.

"யாருமில்ல போல," என்றார் சாலமோன். கேட் கிறீச்சிட்டது. பூட்டு விழுந்தது. சைக்கிள் தூரமாகப் போனது.

சுட்டுவிரல் முடிந்து நடுவிரலுக்கு வந்திருந்தது. முடித்த விரல் அந்த மஞ்சளிலும் நுனியிலிருந்து அடிவரை சிவப்பாக இருந்தது. வலிக்கவில்லை. சங்கரி மெல்லக் கையைத் திருப்பி, உள்ளங்கையை விரித்துக் கொடுத்தாள்.