பதில் கேட்கும் சரிவு

முருகானந்தம் வளப்பூர் நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மத்தியானம்தான். ஆனால் பனி இறங்கி ரோட்டையே விழுங்கியிருந்தது. மிளகுக்கொடி ஏறிய மரங்கள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. சரிவின் ஓரத்தில் மண்சரிவு எச்சரிக்கை அறை. மண் அசைந்தால் கீழே இருக்கும் வீடுகளுக்குச் சங்கு ஊத வேண்டிய பெட்டி அதற்குள் இருந்தது. அது சில நாளாகத் தானாகவே அணைந்து அணைந்து எழுகிறதாம். அதைச் சரிபார்க்கத்தான் சேலத்திலிருந்து வந்திருந்தான்.

சாவியோடு காத்திருந்தவள் தேன்மொழி. அவள் முகத்தைப் பார்க்காமலே சாவிக்குக் கை நீட்டினான். போன ஐப்பசி மழையில் சங்கு ஊதவில்லை. சரிவு இறங்கி, தூங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் அர்த்தனாரியை வீட்டோடு மூடிவிட்டது. இடி விழுந்து பெட்டி கெட்டது என்று விசாரணையில் சாதித்தவன், அதற்குப் புரோகிராம் எழுதிய இதே முருகானந்தம்.

"வாங்க சார். இடி விழுந்த பொட்டியப் பாக்க வந்தீங்களாக்கும்?"

இடியாவது, மண்ணாங்கட்டியாவது! நடந்ததே வேறு. பெட்டிக்குள் வாட்ச்டாக் என்று ஒரு காவல் கடிகாரம் உண்டு. விழித்திருக்கிறேன் என்று பெட்டி அதற்கு அடிக்கடி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், உறைந்துபோய்விட்டது என்று பெட்டியை அணைத்து மறுபடி எழுப்பிவிடும். பெட்டியில் முதலில் கண் விழிப்பது, சிப்பிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். அது பிறகு பொறுப்பை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் ஒப்படைக்கும். இரண்டாவது ஆள் சோம்பேறி. அவன் எழுந்து வருவதற்குள் காவலுக்குப் பொறுமை போய், எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்தத் தொல்லை தாங்காமல் நம்ம மகராசன் ஃபர்ம்வேரிலேயே காவலை அணைத்துவிட்டான். அந்த இரண்டாவது ஆள் வந்து போட்டுக்கொள்வான் என்று நினைப்பு. வந்தவனோ அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று நம்பினான். கடைசியில் காவல் யார் கையிலும் இல்லை. அன்றைய மழையில் பெட்டி உறைந்தது, தட்டி எழுப்ப நாதியில்லை.

திருத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்து, புதுப் பெட்டியிலும் அதே புரோகிராமை ஏற்றியிருந்தான், பாவி.

லேப்டாப்பை இணைத்துப் பார்த்தான். காவல் அணைந்தே கிடந்தது.

அப்படியானால் பெட்டியை எழுப்புவது யார்?

திரையில் எழுத்துகள் ஓடின. ஃபர்ம்வேர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியது. திரை இருண்டது.

பனிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"ஓ... ஓய்..."

"யாரது?" என்று கிசுகிசுத்தான்.

"பதில் குடுங்க சார்." தேன்மொழி வாசலிலேயே நின்றாள். "சாமைக்காட்டுல பன்னிக்குக் காவல் இருக்கறப்ப, பரணுக்குப் பரண் இப்படித்தான் கொரல் குடுப்பாங்க. பதில் வரலீன்னா, என்னமோ ஆயிப்போச்சுன்னு நேர்லயே வந்துருவாங்க. எங்க ஊட்டுக்காரர் கூப்புடறாருங்க. இத்தன நாளும் நாந்தான் பதில் குடுத்தேன். நான் கண்ணசந்தா வந்து பொட்டியத் தட்டுவாரு. இனி உங்க மொறை."

"நில்லும்மா... போயிராத."

"எனக்குத் தூக்கம் வருதுங்க சார்."

பனிக்குள் போயேவிட்டாள்.

மறுபடி குரல். இப்போது கதவுக்குப் பக்கத்தில்.

அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஈர மண் வாடை அடித்தது. கதவுக்கடியில் சேறு கசிந்து உள்ளே வந்தது. பெட்டி பொட்டென்று அணைந்தது.

பிடரியில் சில்லென்று விரல்கள் பட்டன.

பதறியடித்துப் பெட்டியை எழுப்பி, காவலை இயக்கினான். கைமாறும் நேரத்திலும் அது விடாமல் ஓடும்படி, இரண்டாவது ஆள் உடனே ஏற்றுக்கொள்ளும்படி, செய்திருக்க வேண்டியதையெல்லாம் இப்போது செய்தான்.

"சரி பண்ணிட்டேன் சாமி! இனி சங்கு ஊதும்! என்னை விட்டுரு!"

விரல்கள் இறுகின.

"ஓ... ஓய்..." காதுக்குள்ளேயே கேட்டது.

"ஓ... ஓய்!" என்று அலறினான்.

பிடி தளர்ந்தது.

சேலம் வந்தும் குரல் விடவில்லை. பஸ்ஸில், ஆபீசில், சோற்றுக்கு முன்னால், எங்கே கூப்பிட்டாலும் பதில் கொடுத்தான். கண்ணை மூடினால் மண் வாடை. அவன் மனைவி ராதிகா மிரண்டுபோய், கைக்குழந்தையை அவன் பக்கமே விடவில்லை. எத்தனை நாள்தான் தாங்கும் உடம்பு? ஒரு பகலில் சோபாவில் அப்படியே சாய்ந்துவிட்டான்.

விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நேரம் பதில் கொடுக்கவில்லையே!

சேறு இல்லை. வாடை இல்லை. கழுத்தைத் தடவிப் பார்த்தான், உயிரோடுதான் இருந்தான். அர்த்தனாரி மன்னித்துவிட்டான் என்று நினைத்து விம்மி விம்மி அழுதான்.

ஜன்னலுக்கு வெளியே குரல் கேட்டது.

அவன் வாயைத் திறப்பதற்குள், பக்கத்து அறையிலிருந்து பதில் போனது. இன்னும் பேச்சே வராத அவன் மகள், தொட்டிலில், கண்ணைக்கூடத் திறக்காமல்.

"நான் இருக்கேன்! என்னைக் கூப்பிடு! குழந்தையை விட்டுரு!" ஜன்னல் கம்பியில் முட்டிக்கொண்டு கத்தினான்.

வெளியே குரல் அவன் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்தது. பிறகு, தொட்டிலைப் பார்த்து மறுபடி கூப்பிட்டது.