ஊறுகாய்க்கு ஆட்டம்பாம் சட்டை

அந்த மாதம் முழுவதும் வேல்விழி, கண்ணில் பட்ட இங்கிலீஷை எல்லாம் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஷாம்பு பாக்கெட், தீப்பெட்டி, லாரியின் முதுகு என்று எதையும் விட்டு வைக்கவில்லை. குளிக்கப் போனால்கூட சோப்பு உறையைப் படித்து முடித்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள்.

அது அப்பாவின் உத்தரவு. அப்பா கதிரவன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆறு மாதத்துக்கு முன்னால் நியூசிலாந்தில், ஆக்லாந்து என்ற ஊரில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அங்கே வீடும் பார்த்துவிட்டார். இனி அம்மாவும் வேல்விழியும் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி.

"இங்கன பஸ் போர்டு, கடை போர்டு, மாத்திரை டப்பா எல்லாமே இங்கிலீஷ்தான் பாப்பா. இப்பவே படிச்சுப் பழகிக்கோ" என்று அப்பா போனில் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா போன் செய்வார். போனை வைப்பதற்குள் அம்மாவுக்குப் பத்து வேலை சொல்லிவிடுவார்.

"விதை எதுவும் கொண்டு வராத. தேன் வேணாம். ஷூ, செருப்பு அடியில பொட்டு மண்ணு இருக்கக் கூடாது, தேய்ச்சுக் கழுவிரு."

"ஏங்க, நம்ம ஊரு மண்ணு மேல அவுகளுக்கு என்ன கோவம்?" என்று கேட்டாள் அம்மா சுப்புலட்சுமி.

"கோவமெல்லாம் இல்ல. இவுகளுக்கு ஆடு மாடும் பழத்தோட்டமும்தான் பொழப்பு. வெளியூர் மண்ணுல பூச்சி கீச்சி வந்துருமோன்னு பயம். திங்கிற சாமான் இருந்தா இருக்குன்னு உள்ளதைச் சொல்லிரணும். பார்த்துட்டுத் திருப்பித் தந்துருவாக. மறைச்சாத்தான் அபராதம்."

"சரி, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா கறுப்பு ஷூ வாங்கிட்டேன்."

"இங்கன நிறையப் பிள்ளைக வெறுங்காலோடதான் பள்ளிக்கூடம் வருதுக!"

"ஏரோப்பிளேன் ஏறி அம்புட்டுத் தூரம் போறதே வெறுங்காலோட நடக்கத்தானா?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அக்டோபரில் அங்கே பள்ளிக்கூடத்தின் கடைசிப் பருவம் தொடங்குகிறது. அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று பயணத்தேதி குறித்தார்கள். சிவகாசியில் அது தீபாவளி சீசன். பட்டாசுக் கம்பெனிகளில் யாருக்கும் லீவு கிடைக்காது.

முத்துப்பாண்டி மாமாவுக்கும் கிடைக்கவில்லை. அவர் அம்மாவின் தம்பி, அடுத்த தெருவில் குடியிருக்கிறார். பட்டாசுக் கம்பெனியில் வெடிகளைப் பெட்டியில் அடுக்கிக் கட்டுவதுதான் அவர் வேலை. அவர் கட்டிய பெட்டி டெல்லி வரைக்கும் லாரியில் குலுங்கிக்கொண்டு போனாலும் உள்ளே ஒன்றும் நசுங்காது. ஆனாலும் லாரி கிளம்பிவிட்டால் மாமாவுக்கு நிலைகொள்ளாது.

"லோடு போய்ச் சேந்துருச்சுன்னு தகவல் வந்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்பார்.

அக்கா ஊரைவிட்டுப் போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குளித்துவிட்டு, கை நிறையத் தாளும் கயிறுமாக வந்து நின்றார்.

"பெட்டியை நான் கட்டித் தாறேங்க்கா. வெடிமருந்துத் தூசி பட்ட எதையும் பெட்டியில வைக்கக் கூடாதுன்னு அத்தான் போன்ல சொன்னது நெனவிருக்கு. கம்பெனித் தாளைத் தொடவே இல்ல. இது அச்சகத்துக் கழிவுத்தாள், மருந்துத்தூசி படாதது."

சிவகாசியில் கழிவுத்தாள் இல்லாத வீடு கிடையாது. அச்சகத்தில் கோணலாக விழுந்த தாளை எல்லாம் வாங்கி வந்து நோட்டுக்கு அட்டை போடுவார்கள், அலமாரியில் விரிப்பார்கள், பலகாரம் மடிப்பார்கள். அதனால் மாமா என்ன தாள் கொண்டுவந்தார் என்று யாரும் விரித்துப் பார்க்கவில்லை.

அன்று பொழுது சாயும் வரை மாமா பெட்டி கட்டினார். டம்ளர், தோசைக்கல், மிக்ஸி ஜார், கடையில் வாங்கிய ஊறுகாய் பாட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துச் சட்டை தைத்ததுபோலத் தாள் சுற்றினார். கடைசியில் மேலே கயிறு கட்டித் தனக்கு மட்டுமே தெரிந்த ஒரு முடிச்சைப் போட்டார்.

வேல்விழிக்கு என்றே சாத்தூரிலிருந்து ஒரு கிலோ காரச்சேவு வாங்கி வந்திருந்தார். அதை வைக்கத்தான் இடம் இல்லை.

"பரவாயில்ல தாயி, எடை கூடிரும்" என்று சேவுப் பொட்டலத்தை அலமாரியில் வைத்தார். அவர் முகம் வாடிப்போனதை வேல்விழி பார்த்தாள்.

புதன்கிழமை இரவு எட்டு மணிக்குச் சென்னை ரயில். அன்று காலை அப்பா போன் செய்தார்.

"பெட்டி எடை பார்த்தாச்சா? இருபது கிலோவுக்கு மேல போகக் கூடாது. அப்புறம், பெட்டியை நீங்கதான கட்டினீக? ஏர்போர்ட்டுல அதைக் கண்டிப்பாக் கேப்பாக. உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியணும். அடுத்தவுக கட்டினதைக் கொண்டு வரக் கூடாது."

அம்மா தம்பி போட்ட முடிச்சைப் பார்த்துக்கொண்டே, "பாத்துக்கிடுறேங்க" என்றாள்.

இருவரும் துணிப்பெட்டியையும் பாத்திரப்பெட்டியையும் பலசரக்குக் கடைக்கு உருட்டிக்கொண்டு போய், அரிசி மூட்டை நிறுக்கும் மேடையில் வைத்தார்கள். துணிப்பெட்டி சரியாக இருந்தது. பாத்திரப்பெட்டி ஒன்றரைக் கிலோ கூடுதல். வீட்டுக்கு வந்து முடிச்சோடு மல்லுக்கட்டி, கடைசியில் கயிற்றை வெட்டித்தான் பெட்டியைத் திறக்க முடிந்தது.

மேலாக இருந்த ஊறுகாய் பாட்டிலை வேல்விழி எடுத்தாள். பழக்கதோஷத்தில் அதன்மேல் இருந்த இங்கிலீஷைச் சத்தமாகப் படித்தாள்.

"ஜெயண்ட் ஆட்டம் பாம். திரியைப் பற்றவைத்துவிட்டு உடனே தள்ளிப் போகவும்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். வேல்விழி அடுத்ததை எடுத்தாள். மிக்ஸி ஜாரில் ராக்கெட் படம். தோசைக்கல்லில் ஒரு பெரிய குண்டு, அதிலிருந்து நெருப்புப் பறந்தது. பெட்டி பூராவும் வெடி லேபிள்!

"அம்மா, இதை அங்கன திறந்தா என்ன நினைப்பாக? அங்கன எல்லாருமே இங்கிலீஷ் படிக்கிறவுக!"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த ஊரில் வெடிப் படத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. சோறு தின்கிற தட்டுக்கு அடியிலும் அதுதான் கிடக்கும். ஆனால் விமானநிலையத்தில் இந்தப் பெட்டியைத் திறந்தால் விசாரணை, பதில், மறுபடியும் விசாரணை. அதற்குள் விமானம் போயே போய்விடும்.

"வா, எல்லாத்தையும் பிரிச்சுருவோம். அவன் வாறதுக்குள்ள நாமளே கட்டி மூடிருவோம்."

"மாமா கயித்தைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சிருவாரு."

"சொன்னா மனசு விட்டுருவானே! ஊரை விட்டுப் போறோம்னு அவன் வாய்விட்டு ஒண்ணும் சொல்லல. ஞாயித்துக்கிழமை பூராம் உக்காந்து கட்டினானே, அதுதான் அவன் பேச்சு." அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

மாமாவுக்குத் தெரியாமல் பிரிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. பிரிக்காமலும் போக முடியாது. பாட்டிலைப் பழையபடி பெட்டிக்குள் வைத்தாள்.

"மாமா வரட்டும்மா. நான் பார்த்துக்கிடுதேன்" என்றாள்.

கம்பெனி வேன் மாமாவைத் தெருமுனையில் இறக்கிவிட்டபோது மணி ஐந்தரை. அவர் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தபோது, வீட்டு வாசலில் வேல்விழி அப்பாவின் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் ஸ்கேலோடு நின்றாள். கண்ணாடி மூக்கு நுனி வரை சரிந்திருந்தது.

"நில்லுங்க. நான் ஆக்லாந்து ஏர்போர்ட் ஆபீசர். நீங்க நியூசிலாந்துக்கு வந்திருக்கீக."

"அடியாத்தீ! நான் எப்ப வந்தேன்?"

"இப்பத்தான் இறங்கினீக. உங்க பெட்டியைத் திறங்க."

மாமா சிரித்துக்கொண்டே கும்பிட்டார். "ஆபீசரம்மா, எல்லாம் சட்டி பானைதாங்க." பெட்டிப் பக்கம் போனவர், வெட்டிய கயிற்றைப் பார்த்ததும் சட்டென்று நின்றார்.

"எடை கூடிருச்சு, அதான் திறந்தோம்" என்றாள் வேல்விழி மெதுவாக. "பாட்டிலை எடுங்க மாமா. அதுல என்ன இருக்கு?"

"ஊறுகா."

"மேல என்ன எழுதியிருக்கு தெரியுமா? ஜெயண்ட் ஆட்டம் பாம். பத்தவச்சுட்டு ஓடிருங்கன்னு போட்டிருக்கு. ஆபீசர் ஓடவா, நிக்கவா?"

மாமா பாட்டிலைப் பார்த்தார். அடுத்து ஜாரை எடுத்தார், தோசைக்கல்லை எடுத்தார். வாயில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ! நாள் பூராம் பார்க்கிற படம், கண்ணுலயே படல தாயி! மருந்து படாத தாளாப் பார்த்துப் பார்த்து எடுத்தேன், படத்தைப் பார்க்காமப் போனேனே!"

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் அம்மாவும் சிரித்துவிட்டாள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் மாமா பெட்டி விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் கட்டினது பூராம் வீண்தானா?"

"தாள்தான் மாமா வேணாம். நீங்க கட்டின கட்டு வேணும்" என்றாள் வேல்விழி. "துணியை எப்படியும் கொண்டுதான போறோம்? தாளுக்குப் பதிலா சேலையில, பாவாடையில சுத்திட்டா என்ன? ஆனா அம்மாவும் நானும்தான் கட்டணுமாம். ஆபீசர் கேப்பாராம். நீங்க இங்கன உக்காந்து சொல்லுங்க."

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "அக்கா, கனத்தை அடியில வையி. மூலையில சந்து விடாத. தாயி, பாட்டிலைப் படுக்க வைக்காத, நிக்க வையி." வேல்விழியின் கம்பளிச் சட்டைக்குள் டம்ளர்கள் போயின. அம்மாவின் கல்யாணச் சேலைக்குள் மிக்ஸி ஜார் போனது. கழற்றிய தாள் மட்டும் ஒரு சாக்கு சேர்ந்தது.

மறுபடியும் கடைக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். தாளின் எடை போனதில் இரண்டு பெட்டியும் இருபது கிலோவுக்குள் அடங்கின; துணிப்பெட்டியில் ஒரு கிலோவுக்கு மேலேயே இடம் மிச்சம் இருந்தது.

வீடு திரும்பியதும் வேல்விழி உள்ளே ஓடி, அலமாரியிலிருந்து சேவுப் பொட்டலத்தை எடுத்து வந்தாள்.

அதைப் பார்த்ததும் மாமாவின் கை பின்னால் நிற்கவில்லை. "இதை மட்டும் நான் வச்சுக்கிடுதேன்" என்று வாங்கி, தன் புதுத்துண்டில் சுற்றி, சேலைகளுக்கு நடுவே குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்தார். அம்மா பெட்டியை மூடினாள்.

ரயில் நகர்ந்தது. பிளாட்பாரம் முடியும் வரை மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார்.

சென்னையில் ஒரு விமானம், சிங்கப்பூரில் இன்னொரு விமானம். ஆக்லாந்தில் இறங்கியபோது ஒரு பெண் அதிகாரி அம்மாவின் செருப்பைத் திருப்பி அடியைப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. பிறகு பெட்டியைக் காட்டி வேல்விழியிடம் இங்கிலீஷில் கேட்டார்.

"இதை நீங்களே கட்டினீர்களா?"

ஆமாம் என்று சொல்ல ரயிலிலேயே ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் மாமாவின் துண்டு நினைவுக்கு வந்தது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று அப்பா சொன்னதும் நினைவுக்கு வந்தது.

"அம்மாவும் நானும் கட்டினோம். ஒரு பொட்டலம் மட்டும் மாமா வைத்தார். நாங்கள் பக்கத்திலேயே இருந்தோம். அது தின்கிற சாமான், பொரித்தது" என்று இங்கிலீஷில் திக்கித் திக்கிச் சொன்னாள்.

அதிகாரி பெட்டியைத் திறந்து துண்டைப் பிரித்தார். சேவைப் புரட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றுகூட உடையவில்லையே! உன் மாமா கெட்டிக்காரர்."

வெளியே அப்பா நின்றிருந்தார். வேல்விழி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் முதல் வேலையாக மாமாவின் செல்போனுக்குப் போன் போடச் சொன்னாள். சிவகாசியில் அப்போது விடிந்து, கம்பெனி வேன் வருகிற நேரம். மணி ஒருமுறை அடிப்பதற்குள் மாமா எடுத்துவிட்டார்.

"தாயி, போயிட்டீகளா?"

"லோடு வந்து சேந்துருச்சு மாமா. ஒரு சேவுகூட உடையல. நீங்க போய்ச் சாப்பிடுங்க!"