வலது பக்கத் தண்ணீர்

காலை ஏழரைக்கு அந்தப் படகு தண்ணீரிலும் இல்லை, டிரெய்லரிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, ஏரிக்கு இறங்கும் சிமெண்டுச் சரிவில், விலா நொறுங்கி வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மேட்டில் ஜீப். அதன் பின்னால் காலி டிரெய்லர். டிரெய்லரின் முகப்பில் ஓர் அறுந்த பட்டை. இரவெல்லாம் பெய்த மழை விடியுமுன்தான் விட்டிருந்தது, பார்த்த இடமெல்லாம் ஈரம்.

முதலில் பார்த்தவள் படகோட்டி. அந்த அலைச்சறுக்கு கிளப்பில் எல்லோருக்கும் அவள் ‘கேப்டன்’. உயரம் ஐந்தடிக்குக் குறைவு, குரல் மட்டும் ஏழடி. அடுத்த நிமிடமே முதலாளி வந்தார். பல லட்சம் பெறும் படகு உடைந்து கிடக்கிறது, மனுஷன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக அவளிடம் வந்தார்.

"நேத்து சாயங்காலம் ஏத்துனது நீதானே? ஷெட்டுக்குள்ள விடாம சரிவுலயே விட்டுட்டுப் போயிருக்கே! டேங்க்ல தண்ணி அப்படியே இருக்கு, சங்கிலிய மாட்டல!"

"தண்ணிய எறக்கிட்டுத்தான் ஏத்துனேன். சங்கிலிய மாட்டுனேன். ஷெட்டுல விட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்."

"தப்ப ஒத்துக்கம்மா. கரை வேலையில வெச்சுக்கறேன்."

"செய்யாத தப்ப நான் ஏன் சார் ஒத்துக்கணும்?"

பயிற்சிக்கு வந்திருந்த கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. ஒத்துக்கொண்டால் அவள் லைசென்ஸ் போய்விடும். அப்புறம் எந்த ஏரியிலும் அவள் கைக்கு ஸ்டியரிங் வராது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

பதினோரு மணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனியின் விசாரணை அதிகாரி வந்தார். முன்பு போலீஸில் இருந்த அம்மாள். சராசரி உயரம், அளந்த பேச்சு. கைப்பையைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டு, உடுப்பு அழுக்காகுமே என்ற கவலையே இல்லாமல் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்தார்.

"இந்த டேங்க் எதுக்கு?"

"படகு கனமா இருந்தாத்தான் மேடம் பின்னால அலை பெருசா எழும்பும். அதுக்காக ஏரித் தண்ணியவே பம்ப்பால இழுத்து ரொப்புவோம். கயித்தப் புடிச்சுக்கிட்டே பலகையில போறவங்களுக்கு ரெண்டு பக்கமும் ரொப்பணும். கயித்த விட்டுட்டு அலை மேலயே நிக்கறவங்களுக்கு ஒரு பக்கம் மட்டும். இடது கால முன்னால வெச்சா இடது டேங்க், வலது கால வெச்சா வலது டேங்க்."

"படகு டிரெய்லர்ல நிக்கறப்ப ரொப்பலாமா?"

"முடியவே முடியாது. உறிஞ்சற ஓட்டை படகோட அடிவயித்துல இருக்கு. மிதந்தாத்தான் தண்ணி ஏறும்."

"சரி, ஒழுங்கா ஏத்தறது எப்படி?"

"முதல்ல டேங்க்கைக் காலி பண்ணணும். டிரெய்லரை ஆழத்துல தள்ளக் கூடாது, மட்கார்டு விளிம்பு தண்ணிக்கு மேல தெரியணும். ஆழமாப் போனா படகு மிதந்துக்கிட்டே கோணலா வந்து உக்காரும். மூக்கை டிரெய்லரோட முட்ட வெச்சு, பட்டைய இறுக்கி, சங்கிலிய மாட்டுனப்புறம்தான் மேல இழுக்கணும். இதுல எதை விட்டாலும் கோவிந்தாதான்."

அம்மாள் இடது டேங்க்கின் அடைப்பைத் திறந்தார். இரண்டு சொட்டு விழுந்தது. வலது டேங்க்கின் அடைப்பைத் திறந்தார். கொட கொடவென்று கொட்டிய தண்ணீர் அவர் தோளை நனைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து காலை நீட்டினார். இருக்கை அவ்வளவு பின்னால் தள்ளியிருந்தது, பிரேக்குக்கு எட்டவில்லை. இறங்கிப் பின்கதவைத் திறந்து தரை விரிப்பைத் தூக்கினார். அடியில் சேறும் நீளமான ஏரிப்பாசியும் ஒட்டியிருந்தன.

"மழைத் தண்ணியா இருக்கும்" என்றார் முதலாளி.

"வானத்துல பாசி வளராது சார்."

ஆபீஸ் அறைக்குள் நுழையும்போது முதலாளி வாசல் நிலையில் தலை இடிக்காமலிருக்க வழக்கம்போலக் குனிந்தார். உள்ளே அவர் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இருபது வயது, கேப்டனைவிட அரை விரல்கடை உயரம். சுவர் முழுக்க அலை மேல் நிற்பவர்களின் படங்கள். அம்மாள் ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார்.

"கேப்டன், நேத்து கடைசியா யாருக்கு ஓட்டுனீங்க?"

"பல் டாக்டருக்கு. அதோ, வாசல்ல நிக்கறாரு. அலை மேல நின்னாரு."

பல் டாக்டர் பெருமையோடு செல்போனை நீட்டினார். வீடியோவில் அவர் இடது காலை முன்னால் வைத்துத் தள்ளாடிக்கொண்டிருந்தார். படகு இடப்பக்கம் தாழ்ந்து ஓடியது.

"நீங்க இன்னிக்கு விடியக்காலம் எங்க இருந்தீங்க சார்?" என்று முதலாளியிடம் திரும்பினார் அம்மாள்.

"வீட்ல. நான் படகைத் தொட்டே வருஷமாச்சு. என் லைசென்ஸைத்தான் புடுங்கிட்டாங்களே."

"ஆமா, அப்பா எட்டு மணிக்கு முன்னால எழுந்திருக்கவே மாட்டாரு" என்றாள் மகள்.

அவளை யாரும் கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று தானாக வந்து சொன்ன கதைதான்.

"ஓகோ! இன்னிக்கு மட்டும் ஏழரைக்கே வந்துட்டாராக்கும்?"

அம்மாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"கேப்டன் தண்ணிய எறக்க மறந்துட்டாங்கன்னே வெச்சுக்குவோம். டாக்டருக்காக ரொப்புனது இடது டேங்க். அதுல தண்ணி இருக்கணும், இல்ல. வலதுல இருக்கு. டிரெய்லர் மேல தண்ணி ஏறாது. அப்படின்னா அவங்க வீட்டுக்குப் போனப்புறம் இந்தப் படகு மறுபடி ஏரியில எறங்கியிருக்கு. எல்லாரும் சங்கிலியையே பாத்தீங்க, எந்தப் பக்கத் தண்ணின்னு ஒருத்தரும் பாக்கல."

அம்மாள் சுவரில் இருந்த படங்களைக் காட்டினார்.

"வலது டேங்க்னா வலது கால முன்னால வெக்கறவங்க. இத்தனை படத்துல அப்படி நிக்கறது ஒரே ஆளு. உங்க பொண்ணு. அவ அலை மேல நின்னா, படகை இன்னொருத்தர் ஓட்டணும். ஜீப்பைப் பின்னுக்கு எடுத்தவருக்குக் கால் நீளம், எனக்கே பிரேக் எட்டல. பழக்கம் விட்டுப்போனவரு, ஜீப்புக்குள்ள ஏரி வர்ற வரைக்கும் ஆழத்துல தள்ளியிருக்காரு. கனத்தோட கோணலா ஏத்தி, சங்கிலி மாட்டாம இழுத்தாரு. பட்டை அறுந்துடுச்சு. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டுனா எங்க கம்பெனி சல்லிக்காசு தராது. அதனால லைசென்ஸ் இருக்கறவங்க தலையில கட்டியாச்சு. ஓட்டுனது நீங்கதான் சார்."

"சும்மா ஊகத்துல பேசாதீங்க..."

"போதும்ப்பா!" மகள் எழுந்துவிட்டாள். "மழை விட்டதும் ஏரி கண்ணாடி மாதிரி இருக்குன்னு நான்தான் கூப்புட்டேன். அப்பாதான் ஓட்டுனாரு. கேப்டன், தப்பு எங்களோடது."

முதலாளி நாற்காலியில் சரிந்தார். ரகசியம் பேசுவதுபோல், "சரிம்மா, மன்னிச்சுக்க. சம்பளத்தைக் கூட்டித் தரேன். இது இந்த ரூமோட இருக்கட்டும்" என்றார்.

கேப்டனுக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது.

"திட்டுனது ரூமுக்குள்ளயா சார்? வெளிய வாங்க."

வந்தார். கூட்டம் இன்னும் கலைந்திருக்கவில்லை. "படகைப் போட்டு உடைச்சது நான்" என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"கேக்கல."

"படகைப் போட்டு உடைச்சது நான்தான்! கேப்டன் மேல தப்பில்ல!"

ஏரியின் அந்தக் கரையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப திருப்தியா? வேலைய விட்டுட்டுப் போகப்போறியா?" என்றார்.

"நான் எதுக்கு சார் போகணும்? லைசென்ஸ் என்கிட்டதான் இருக்கு. இனிமே இந்த ஏரியில படகைத் தொடணும்னா, நீங்கதான் என்கிட்ட வந்து கேக்கணும்."

பல் டாக்டர்தான் முதலில் கைதட்டினார்.